கட்டார் நேரத்தில் வளரும் மகன்

கேள்வி: எனக்கு வயது 29. களுவாஞ்சிகுடிப் பக்கம். கணவர் நான்கு வருடமாகக் கட்டாரில் கட்டட வேலை. மகனுக்கு ஐந்தரை, இந்த வருடம்தான் தரம் 1. மகளுக்கு இரண்டரை. நான் கல்முனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எட்டரைக்கு அங்கே நிற்க வேண்டும், வீடு திரும்ப ஐந்தே முக்காலாகும். பிள்ளைகளை அம்மாதான் பார்க்கிறா.

காலமை வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. மகனை ஆறு மணியிலிருந்து எழுப்பினால் ஆறரைக்குத்தான் எழும்புவான். பல் தீட்டும்போதே ஓங்காளிப்பான். வயிறு வலிக்கிறது என்பான். பள்ளி வான் 6.55க்கு வாசலில் ஹோன் அடிக்கும். அம்மா போனைக் காட்டிக் காட்டி நாலு வாய் தீத்துவா, சில நாள் அதையும் துப்பிவிடுவான். பள்ளியால் வந்தால் போனில் கார்ட்டூன். மூன்று மணிக்குப் படுத்தால் ஐந்தரைக்குத்தான் எழும்புவான். எழும்பியதும் பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும். இரவு ஒன்பதரைக்குப் பிட்டும் மீன் குழம்பும் என்றால் பெரிய ஆள் போலத் தின்பான். இவர் ஐந்து மணிக்கு வேலை முடிந்து, அறைக்கு வந்து குளித்துச் சமைத்துவிட்டுத்தான் எடுப்பார். இங்கே பத்து மணியாகிவிடும். அதைப் பேசாமல் மகன் படுக்க மாட்டான். நித்திரையாகப் பதினொன்று. மகளும் சூப்பிப் போத்தலோடு அதுவரை முழித்திருப்பாள்.

போன கிழமை பொறுக்க முடியாமல் அகப்பைக் காம்பால் மகனின் காலில் அடித்துவிட்டேன். அன்றிரவே தகப்பனிடம் சொல்லிவிட்டான். அவர் என்னை ஏசினார். பசி வர இவனுக்கு ஏதாவது மருந்து இருக்கிறதா? காலையில் அடிக்காமல் இவனை எப்படிப் பள்ளிக்கு அனுப்புவது?

பதில்: மகள், 31 வருடம் குடும்ப நல உத்தியோகத்தராக, அதாவது ஊரார் மிஸ்ஸி என்று கூப்பிடும் மிட்வைஃபாக, இந்த மாவட்டத்தில் வீடு வீடாகத் திரிந்தவள் நான். முதலில் சைக்கிள், பிறகு ஸ்கூட்டி. அத்தனை வீட்டிலும் பசிக்கு மருந்து கேட்காத தாயைக் கண்டதாக நினைவில்லை. ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம்.

மருந்துக் கடையில் பிள்ளைக்குப் பசியில்லை என்று சொன்னால் எடுத்துத் தரும் பாணிகளில் ஒரு வகை, உண்மையில் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்து. தூக்க மயக்கமும் பசியும் அதன் பக்க விளைவுகள். அதைக் குடித்த பிள்ளை தின்னும், வகுப்பில் தூங்கி விழும், நிறுத்தியதும் பழையபடி ஆகிவிடும். வைத்தியர் எழுதித் தராமல் அதைத் தொட வேண்டாம். மற்ற வகை வெறும் விற்றமின் பாணி. குறைபாடு உள்ள பிள்ளைக்கு உதவும், பசியைக் கொண்டுவராது.

உங்கள் மகனுக்கு இரண்டும் வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒன்பதரைக்குப் பிட்டும் மீன் குழம்பும் என்றால் பெரிய ஆள் போலத் தின்பான். பசியே இல்லாத பிள்ளை ஒன்பதரைக்கும் தின்னாது. அவனுக்குப் பசி இருக்கிறது. அது வரும் நேரம்தான் உங்களுக்கு வசதிப்படாத நேரம்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். கணக்கெழுதுகிறவர் நீங்கள், என்னைவிட வேகமாகப் போடுவீர்கள். நமக்கும் கட்டாருக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். நாம் முன்னே, அவர்கள் பின்னே. மகன் நித்திரையாகும் இரவு 11 மணி, அங்கே எட்டரை. ஐந்து வயதுப் பிள்ளை படுக்க எட்டரை நல்ல நேரம். இரவுச் சாப்பாடு ஒன்பதரை, அங்கே ஏழு. அதுவும் சரி. பகல் தூக்கம் மூன்று மணிக்கு, அங்கே பன்னிரண்டரை. எல்லாம் அச்சொட்டாகப் பொருந்துகிறது. பிள்ளை களுவாஞ்சிகுடியில் இருந்துகொண்டு தகப்பனுடைய நேரத்தில் வளர்கிறான். பொருந்தாமல் நிற்பது பள்ளிக்கூடம் மட்டும்தான். நீங்கள் அவனைப் பிடித்து இழுக்கும் ஆறு மணி, அவனுடைய உடம்புக்கு விடியச்சாமம் மூன்றரை. மூன்றரைக்கு ஒருவர் உங்களை எழுப்பி, வாய்க்குள் பிரஷை விட்டு, பிறகு இடியப்பமும் தீத்தினால் நீங்களும் ஓங்காளிப்பீர்கள்.

மொத்த நித்திரையில் பெரிய குறை இல்லை என்பதையும் கவனித்தேன். இரவில் ஏழரை, பகலில் இரண்டரை, கூட்டினால் பத்து. மூன்று முதல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணித்தியாலம், ஆறு வயதிலிருந்து 9 முதல் 12 என்பதுதான் கணக்கு. கீழ்க்கோட்டில் நிற்கிறான், ஆனாலும் நிற்கிறான். பஞ்சி பிடித்த பிள்ளை என்று யாராவது உங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். நித்திரை இடம் மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அதை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். ஒரே நாளில் இழுக்க முடியாது.

பத்து மணி அழைப்பை நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம். நான்கு வருடமாக அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்பது பெரும்பாலும் போனுக்குள் இருக்கும் முகம்தான். உங்கள் மகளுக்கு அதைவிட வேறு தகப்பனைத் தெரியுமோ என்னவோ. அதை வெட்டி நித்திரை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அது ஏன் பத்து மணிக்கு வருகிறது என்றுதான் பார்க்கிறேன். வேலை ஐந்துக்கு முடிகிறது. அறைக்குப் போய், குளியலறைக்கு முறை பார்த்து, அடுப்புக்கு முறை பார்த்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுக்கும்போது அங்கே ஏழரை. ஆனால் அவர் கம்பனி பஸ்ஸில் ஏறும் ஐந்து மணி, இங்கே ஏழரை. பிள்ளைகளோடு பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. குளிப்பதற்கும் சமைப்பதற்கும் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

அவர் உடனே சம்மதிக்க மாட்டார். லீவில் வந்த ஒருவர் கிளினிக் வாசலில் நின்று என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "குளிச்சு, நல்ல சேட் போட்டு, கட்டிலச் சரிபண்ணிட்டுத்தான் மிஸ்ஸி போன எடுப்பன். நாங்க அங்க இருக்கிற இருப்பு புள்ளைக்குத் தெரியப்படாது." அப்படி நினைக்கிற ஆண்கள் நிறைய. உங்கள் கணவரும் அவர்களில் ஒருவர் என்றால் அவரோடு வாதாட வேண்டாம். ஐந்தரை வயதுப் பையனுக்குத் தலைக்கவசம் போட்ட தகப்பன் எவ்வளவு பெரிய ஆள் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். யன்னலால் ஒரு கிரேன் தெரிந்தால் அவன் அடுத்த நாள் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிவான்.

பஸ்ஸில் வைஃபை இல்லை, டேட்டா முடியும் என்றும் சொல்வார். நியாயம்தான். பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும். இன்றைக்கு என்ன தின்றாய், யாரோடு விளையாடினாய், முத்தம், சரி படு. டேட்டா இல்லாத நாளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதையைக் குரல் பதிவாக அனுப்பி வைக்கட்டும். இரவில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே படுக்கலாம். வயல் வாடியில் காவல் இருந்தபோது யானை வந்த கதை ஒன்றாவது நம்ம பக்கத்து ஆண்களிடம் இல்லாமல் போகாது. ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் பிள்ளைகள் சலிக்க மாட்டார்கள், பெரியவர்களுக்குத்தான் சலிக்கும்.

கோடையில் அவருடைய நேரம் மாறலாம். கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை திறந்த வெயிலில் வேலை செய்விக்கத் தடை இருக்கிறது. நம்முடைய நேரத்துக்கு அது பகல் 12.30 முதல் 6 மணி. அந்த மாதங்களில் அவருக்கு வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கேட்டு, அழைப்பையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் இங்கே ஏழே முக்காலுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கோல் இல்லை.

பத்து மணி அழைப்பு வரட்டும். அது உங்களுக்கு. இத்தனை நாளும் நீங்கள் இருவரும் பேசும்போது நடுவில் இரண்டு பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொண்டு நின்றிருப்பார்கள். காசு விஷயம், வீட்டு விஷயம், இந்த அகப்பைக் காம்பு விஷயம் எல்லாம் அவர்கள் கேட்காமல் பேச வேண்டியவை.

பகல் தூக்கத்துக்கு வருவோம். மூன்று முதல் ஐந்தரை வரை அவன் படுப்பது அவனுக்கு மட்டும் வசதி இல்லை. உங்கள் அம்மா முதுகு சாய்ப்பதும் அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்க்கிற மனுசிக்கு அந்த ஓய்வு இல்லாமல் முடியாது. அதனால் தூக்கத்தை நிறுத்தாமல் முன்னுக்குத் தள்ளுங்கள். வான் கொண்டுவந்து விட்டதும் கிணற்றடியில் ஒரு குளிப்பு, சோறு, உடனே பாய். சின்னவளும் அந்த நேரத்தில் படுக்கக்கூடிய வயதுதான். இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்தால் அம்மாவும் படுக்கலாம். இரண்டரைக்கு எழுப்பிவிட வேண்டும், பிந்தினால் மூன்று. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பிள்ளை எழும்ப மாட்டேன் என்று புரளும், அப்போதும் முகத்தைக் கழுவி வெளியே விடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும், பகல் படுக்கைக்கும் நுளம்பு வலை போடுங்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தான்.

இதற்கு இடைஞ்சல் சோற்றுக்கும் பாய்க்கும் நடுவில் இருக்கும் அந்தக் கார்ட்டூன். அங்கேதான் அம்மாவோடு பேச வேண்டி வருகிறது.

இதை மெதுவாகச் சொல்கிறேன். நம்ம பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழக்கம். உறுதி உங்கள் பேரில் இருந்தாலும் குசினி அம்மாவுடைய குசினிதான். பேரனுக்குப் போனைக் காட்டித் தீத்துவது அவவுக்குப் பிழையாகத் தெரியாது. வெறும் வயிற்றோடு பிள்ளை பள்ளிக்குப் போகக்கூடாது என்ற ஒரே கவலைதான். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டு தின்னும் பிள்ளை தின்னவில்லை. படம் ஓடுகிறது, வாய் திறக்கிறது, சோறு போகிறது. வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. போன் இல்லாத இடத்தில் வாய் திறக்காது. பள்ளியில் அவன் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறானா என்று பாருங்கள்.

நீங்கள் சொன்னால் அம்மா கேட்க மாட்டா. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிளினிக்கில் மற்றப் பிள்ளைகளின் நிறையைப் பார்த்துத் தாய்மாருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், என் மூத்த மகளின் நிறைக்கோடு ஐந்து மாதம் ஏறாமல் படுத்துக் கிடந்தது. நான் வேலைக்குப் போனதும் என் அம்மா அவளுக்குச் சீனித் தேத்தண்ணியும் விசுக்கோத்தும் கொடுத்துக்கொண்டிருந்தா. பிள்ளை கேட்டது, அவ கொடுத்தா. நான் சண்டை பிடித்தேன். ஒரு கிழமை அம்மா என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் நிற்கவில்லை. கடைசியில் என்னோடு வேலை செய்த இன்னொரு மிஸ்ஸியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் சொன்ன அதே சொல்லைத்தான் அவவும் சொன்னா. அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இத முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றா. என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

ஆகவே உங்கள் பகுதி மிட்வைஃபை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவிடமிருந்து போனை வாங்கினால் கையில் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். சோற்றைக் கவளம் கவளமாக உருட்டிக் கையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்லித் தின்னக் கொடுக்கும் வித்தை நம்ம கிழவிகளுக்குத் தெரியும். போன் வந்த பிறகு அவர்களும் அதை மறந்துபோனார்கள். உங்களுக்கு உங்கள் அம்மா எப்படித் தீத்தினா என்று பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துக் கேளுங்கள், தானாகத் தொடங்குவா. கார்ட்டூனை அடியோடு நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, அது உங்கள் சின்னவளுக்கு. மூத்தவனும் அவள் பக்கத்தில்தான் இருக்கிறான், அதனால் இரண்டு பேருக்கும் அந்த ஒரு மணித்தியாலமே இருக்கட்டும். நான்கு மணிக்கு அதை முடித்துவிட வேண்டும். தகப்பனோடு பேசுவதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

நீங்கள் ஐந்தே முக்காலுக்கு வரும்போது இனி அவன் முழித்திருப்பான், பசியோடும் இருப்பான். அந்தப் பசியைப் பால் தேத்தண்ணியாலும் பிஸ்கட்டாலும் அடைக்க வேண்டாம். தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது, சீனியும் பிஸ்கட்டும் அடுத்த இரண்டு மணித்தியாலப் பசியைத் தின்றுவிடும். நான்கு மணிக்கு ஒரு கொய்யா, இல்லாவிட்டால் கொஞ்சம் அவித்த கௌப்பி, தண்ணீர். அவ்வளவு போதும். இரவுச் சாப்பாடு ஆறே முக்காலுக்கு. அதே பிட்டு, அதே மீன். தூள் போடுவதற்கு முன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்தால் தனிச் சமையல் தேவையில்லை. பாலாணம், அதுதான் தேங்காய்ப்பால் குழம்பு, ஊற்றிப் பிசைந்தால் சின்னவளும் தின்பாள். எல்லாரும் ஒன்றாக, ஒரே பாயில் இருந்து சாப்பிடுங்கள். போன் அலுமாரிக்கு மேல். உங்களுடையதும்தான்.

என்ன வைப்பது, எப்போது வைப்பது என்பது உங்கள் வேலை. எவ்வளவு தின்பது என்பது அவனுடைய வேலை. அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துவிடுங்கள். ஏச்சும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், "இன்னும் ஒரு வாய்" வேண்டவே வேண்டாம். முதல் நாலைந்து நாள் குறைவாகத்தான் தின்பான். ஒன்பதரைக்குப் பழகிய வயிறு ஆறே முக்காலுக்குத் திறக்க நாள் எடுக்கும். அதைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கும். அந்த நாட்களில் ஒன்பது மணிக்கு ரகசியமாகப் பிட்டு வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் பெரிய வேலை.

பிறகு பல் தீட்டல், ஏழரைக்குத் தகப்பன், ஏழே முக்காலுக்கு வலை. வலையைப் போடும் வேலையை மகனிடம் கொடுங்கள். நாலு மூலையில் ஒன்றைக் கட்டினாலும் போதும். லைட்டை அணையுங்கள், கதை ஓடட்டும். ஒவ்வொரு நாளும் இதே வரிசையில் நடந்தால் வலையைக் கண்டதும் பிள்ளைக்குக் கொட்டாவி வரும். வீடு முழுக்க லைட் எரிய, டிவி கத்த, அவன் மட்டும் படுக்க வேண்டும் என்றால் நடக்காது. எட்டிலிருந்து எட்டரை வரை எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் நேரம்.

பதினொன்றுக்குப் படுப்பவனை நாளைக்கே எட்டுக்குப் படுக்க வைத்தால் மூன்று மணித்தியாலம் கண்ணைத் திறந்துகொண்டு உங்களை வதைப்பான். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கால் மணித்தியாலம் முன்னுக்கு எடுங்கள். மூன்று மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு படி, 24 நாள். சாப்பாடும் பகல் தூக்கமும் அதோடு சேர்ந்து முன்னுக்கு வரட்டும். எழும்பும் நேரமும் மெல்ல மெல்ல 5.45க்கு வந்து நிற்க வேண்டும், சனி ஞாயிறிலும் அதே நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை படுக்க விட்டால் திங்கட்கிழமை திரும்பவும் கட்டாருக்குப் போய்விடுவான். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வரும், சித்திரை வருஷம் வரும், அப்போது நித்திரை கெடத்தான் செய்யும். கெடட்டும். கோயிலடியில் விடிய விடிய முழித்திருப்பதும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். முடிந்த பிறகு நாலைந்து நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம்.

காலைக்கு நான் சொல்வது கொஞ்சம்தான், ஏனென்றால் இரவு சரியானால் காலை பாதி சரியாகும். உடுப்பு, சப்பாத்து, புத்தகப் பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இரவே ஒரு கதிரையில். மார்கழி, தை மழையில் வெள்ளைச் சேட் காயாது, மூன்றாவது ஒன்று தைத்து வைத்தால் உங்களுக்கு நிம்மதி. 5.45க்கு யன்னலைத் திறந்து வெளிச்சத்தை விடுங்கள். எழும்பிய உடனே சாப்பாடு வேண்டாம், அரை மணித்தியாலம் போகட்டும். பால் கொடுப்பதென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு இடியப்பம், அரை முட்டை, ஒரு வாழைப்பழம் தின்றால் ஐந்தரை வயதுக்கு அது சாப்பாடு. மிச்சத்தைப் பெட்டியில் வையுங்கள். பள்ளியில் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த வயிற்று வலியை மட்டும் நான் விடமாட்டேன். ஆறரைக்கு எழும்பி 6.55க்கு வானில் ஏறும் பிள்ளை எப்போது மலசலகூடம் போகிறது? வீட்டில் நேரம் இல்லை. பள்ளி மலசலகூடத்துக்குச் சின்னப் பிள்ளைகள் பலர் பயத்தில் போவதில்லை, அடக்கிவிடுவார்கள். அடக்க அடக்க மலம் இறுகும், வயிறு வலிக்கும், பசி படுக்கும். எத்தனை நாளைக்கு ஒரு தடவை போகிறான், முக்கி அழுகிறானா என்று ஒரு கிழமை கவனியுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரமில்லாமல் இருக்க விடுங்கள். கால் தொங்கினால் காலுக்குக் கீழே ஒரு பலகை. பப்பாசி, கீரைச் சுண்டல், நிறையத் தண்ணீர். இதோடு சில வீடுகளில் பசி மருந்துக் கேள்வியே நின்றுபோயிருக்கிறது. வலி வாரநாளில் மட்டும் வந்து சனி ஞாயிறில் வராவிட்டால் வகுப்பில் என்ன நடக்கிறது என்று ஆசிரியரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வைத்தியரிடம் காட்ட வேண்டியவையும் உண்டு. வலி இரவில் அவனை எழுப்பினால், உண்மையாகவே வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், சிறுநீர் எரிந்தால், உள்ளங்கையும் கண்ணிமையும் வெளிறியிருந்தால், நிறை குறைந்தால். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுப் படுக்கிற பிள்ளையையும் காட்ட வேண்டும். பூச்சி மருந்து கொடுத்து ஆறு மாதம் தாண்டிவிட்டதா என்று கார்டைப் பாருங்கள்.

சின்னவளின் சூப்பிப் போத்தலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. பாலை வாயில் வைத்துக்கொண்டே நித்திரையாகும் பிள்ளைக்கு மேல் முன்பற்கள் கறுத்துக் கரையும். பகலும் இரவும் போத்தல் போத்தலாகப் பால் குடித்தால் சோற்றுக்கு இடமும் இருக்காது, இரத்தத்தில் இரும்பும் குறையும். ஒரு நாளைக்கு 500 மில்லிலீட்டருக்கு மேல் பால் வேண்டாம், அதையும் கோப்பையில் கொடுங்கள். பகல் போத்தலை முதலில் நிறுத்துங்கள். இரவுப் போத்தலில் முதலில் தண்ணீர் மட்டும், பிறகு அதுவும் இல்லை. மூன்று இரவு அழுவாள்.

அகப்பைக் காம்பு. அதைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்து சின்னதாகிப் போயிருந்தது. அடித்தது பிழைதான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். பயத்தில் எழும்பும் பிள்ளைக்கு வயிறு இன்னும் இறுகும், சோறு இன்னும் இறங்காது. அடியால் உங்களுக்கு ஒரு காலை கூட முன்னதாக விடியவில்லை. அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "அன்றைக்கு அம்மா அடித்தது பிழை. அம்மாவுக்கு அவசரமாக இருந்தது. இனி அடிக்க மாட்டேன்." அவ்வளவுதான். "நீ எழும்பாததால்தான்" என்று பின்னால் ஒட்ட வேண்டாம். தகப்பனிடம் சொல்லிக்கொடுத்தான் என்று உங்களுக்கு ஒரு கோபம் இருக்கிறது, வாசித்தால் தெரிகிறது. ஆனால் மகள், எத்தனையோ மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு மனிதனிடம் தன் வலியைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. அவர் போனுக்குள் இருந்தே தகப்பனாக இருக்கிறார் என்று அர்த்தம். அவர் உங்களை ஏசியது வேறு விஷயம். ஆறரை மணிக்கு அந்த வாசலில் அவர் நிற்கவில்லை. இதையும் பத்து மணிக்குச் சொல்லுங்கள், கோபம் இல்லாமல்.

வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. இந்த வெள்ளி அவருக்கு லீவு என்றால் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், முக்கியமாக அந்த இரண்டரை மணித்தியாலக் கணக்கை. பிறகு அவருடைய போனில் பின்னேரம் ஐந்துக்கு ஒரு அலாரம் வைக்கச் சொல்லுங்கள், உங்கள் போனில் ஏழரைக்கு ஒன்று. அடுத்த நிறை பார்க்கும் நாளில் சின்னவளின் கார்டோடு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தராசில் ஏற்றி, இன்றைய நிறையை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தராசில் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.